குவித்து வைத்த மண்

வேப்பமிட்டா ஊரில் பாலையாவைக் கேலி செய்ய ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அது பன்னிரண்டடி உயரமுள்ள ஒரு மண்மேடு. கல் குவாரியின் வடக்கு ஓரத்தில் அது நின்றது. கோடையின் முதல் மழை பெய்ததும் அவர் மண்வெட்டியோடு அதன்மேல் ஏறிவிடுவார். உச்சியைக் கொத்திச் சணப்பு விதைப்பார். அது பூத்ததும் மடக்கி உரமாக மண்ணோடு புதைத்துவிட்டு வேர்க்கடலை போடுவார். பக்கத்து நிலத்து எத்திராஜ் வரப்பில் நின்றபடி குரல் கொடுப்பான்.

"இன்னா மாமா, மாடி மேல ஏறிக்கினியா? பாத்து எறங்கு. வயல்லேர்ந்து கீழ வுழுந்தவன்னு நம்ம ஊர்ல இதுவரிக்கும் ஒருத்தனும் இல்ல."

பாலையா சிரிப்பார். பதில் சொல்ல மூச்சு போதாது. குவாரியில் துளை போடும் வேலை பார்த்ததில் நெஞ்சுக்குள் தூசி இறங்கியிருந்தது. அவர் மனைவி பொன்னியம்மாதான் பதில் சொல்வாள். மாடி கட்ட வக்கில்லாதவன் பேசுகிற பேச்சைப் பார் என்பாள். எத்திராஜும் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

வேலை முடிந்து மேட்டிலிருந்து இறங்கும்போது இருவரும் ஒரு காரியம் செய்வார்கள். அடிவாரத்துக் கல்லில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய மண்ணைக் கையால் வழித்து மேட்டின்மேலேயே எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்த மண்ணில் ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது.

அது வந்த வழி அப்படி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்த காலத்தில் பாலையாவின் தகப்பனாருக்கு இரண்டு ஏக்கர் கிடைத்தது. பட்டா கிடைத்ததே தவிர மண் கிடைக்கவில்லை. சரளைக்கல்லுக்குக் கீழே ஒரு முழத்தில் பாறை. தகப்பனும் மகனும் சரளையைப் பொறுக்கி வரப்பில் அடுக்கினார்கள். ஏரி வற்றிய ஒவ்வொரு கோடையிலும் வண்டல் சுமந்து கொட்டினார்கள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் பொன்னியம்மாவின் தலையில் ஏறியது வண்டல் கூடை. ஒன்பது வருஷம் சுமந்த பிறகு அந்த நிலத்தில் வேர்க்கடலை விளைந்தது. முதல் விளைச்சலில் ஒரு படியை எடுத்துக்கொண்டு பாலையாவின் தகப்பனார் திருமலைக்கு நடந்தே போய் வந்தார்.

தகப்பனாருக்குப் பிறகு நிலம் பாலையாவின் கைக்கு வந்தது. தொண்ணூற்று நான்கில் அந்தப் பாறைக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. கறுப்புக் கல், நல்ல மெருகு ஏறும் என்றார்கள். அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத வேப்பமிட்டாவுக்கு ஜீப்புகள் வந்தன. பட்டா நிலத்தை விற்க முடியாது. குத்தகைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும், பத்து வருஷம் என்றார்கள். கம்பெனியின் மேனேஜர் சுரேஷ்பாபு நாயுடுபேட்டைக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையாகப் பேசினார். பாலையாவுக்குக் குவாரியிலேயே வேலையும் தருவதாகச் சொன்னார். மகன் தமிழரசு அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பாலையா சம்மதித்தார்.

பொன்னியம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"கல்ல எடுத்துக்கினு போவீங்க சார். மண்ண இன்னா பண்ணுவீங்க?"

சுரேஷ்பாபு அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதற்குச் சட்டம் இருக்கிறது என்று சொன்னார். மேல்மண்ணை முதலில் தனியாக வாரிக் குவித்து வைக்க வேண்டும். கல் எடுத்து முடிந்ததும் உடைந்த கற்களைப் போட்டுக் குழியை நிரப்ப வேண்டும். அதன்மேல் மண்ணைப் பரப்பி நிலமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொன்னதோடு நிற்காமல் வடக்கு ஓரத்துப் புறம்போக்கில் தாமே நான்கு முளை அடித்தார். மேல்மண், இதில் எதையும் கலக்கக் கூடாது என்று தெலுங்கில் எழுதிய தகரப் பலகையும் வைத்தார். அன்று அவர் சொன்னது பொய்யல்ல. சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அவரும் அதை நம்பித்தான் சொன்னார்.

மண்ணள்ளும் போக்லைன் இயந்திரம் வந்து இரண்டு நாளில் மண்ணை வாரிவிட்டது. ஒன்பது வருஷம் சுமந்தது இரண்டு நாளில் ஒரு மேடாயிற்று. மூன்றாம் நாள் பாலையா தம்முடைய நிலத்தில் தாமே துளை போடப் போனார். ஐந்தாம் வருஷம் பார்த்தபோது, வேர்க்கடலை விளைந்த இடத்தில் வெறும் காற்று இருந்தது. கீழே, அறுபதடி ஆழத்தில், சிவப்பு எண் எழுதிய கறுப்புக் கற்கள் சென்னைத் துறைமுகத்துக்குப் போகக் காத்துக் கிடந்தன.

குவித்த மண்ணைச் சும்மா விட்டால் அது உள்ளுக்குள் செத்துப்போகும் என்பது பாலையாவின் எண்ணம். அதனால்தான் வருஷா வருஷம் கொத்தினார், விதைத்தார். மழையில் சரியாமலிருக்க அடிவாரத்தைச் சுற்றிக் குவாரியின் கழிவுக் கற்களை உருட்டி வந்து அடுக்கினார். கரைந்து ஓடிய மண்ணைப் பொன்னியம்மா கூடையில் வாரி மறுபடி மேலே கொட்டினாள். யார் சொல்லியும் செய்ததில்லை. யாரும் கூலி தரவுமில்லை. ஒருவர் திரும்பி வரும்வரை அவருடைய மாட்டைப் பார்த்துக்கொள்வதுபோல அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டார்கள்.

தமிழரசு படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பொங்கலுக்கு வருவான். மேட்டின்மேல் அப்பாவோடு நின்று குழியைப் பார்ப்பான். ஒரு பொங்கலுக்கு அவன் சொன்னான்: "நெலம் திரும்பி வரட்டும் நைனா. போர் போட்டுக்கலாம். நானும் வந்துடறேன்."

ஆறுதலுக்குச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று பாலையா ஆராயவில்லை. அந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டார்.

பத்தாம் வருஷம் புரட்டாசியில் சுரேஷ்பாபு அவரைக் கூப்பிட்டு, குவாரியை மூடப் போவதால் சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார், நீயும் இருக்க வேண்டும் என்றார். பாலையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் மேட்டுக்கு ஏறும் வழியைப் பெருக்கினார். மறுநாள் காலையில் குளித்து நாமம் போட்டுக்கொண்டார். மேலே வேர்க்கடலை முற்றியிருந்தது. ஓரத்தில் விட்டிருந்த சணப்பு மஞ்சளாகப் பூத்திருந்தது.

பொன்னியம்மா, வருகிறவர்களை முதலில் குழிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். ஆழத்தைப் பார்த்தால்தான் மூட வேண்டும் என்று தோன்றும் என்றாள். பாலையா ஒப்பவில்லை.

"நம்ம எடத்துக்கு மொத மொத வர்றாங்கம்மே. வந்தவங்களுக்கு நல்லத காட்டணும். மண்ணு உசுரோட கீதுன்னு பாத்தாங்கன்னா சீக்கிரம் பரப்பச் சொல்லுவாங்க. குழிய அப்பறம் காட்டுவோம்."

வந்த அதிகாரி ஒரு பெண். மனோரமா என்று பெயர். நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் என்பதால் தமிழ் நன்றாகப் பேசினாள். காலையிலிருந்து மூன்று குவாரிகளைப் பார்த்துவிட்டு உச்சி வெயிலில் வந்திருந்தாள். மேட்டின்மேல் ஏறியதும் அவள் முகம் தெளிந்தது. போன இடமெல்லாம் வெள்ளைத் தூசியைப் பார்த்தவளுக்கு அந்தப் பச்சை குளிர்ச்சியாக இருந்திருக்கும். பொன்னியம்மா அவித்த கடலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். மனோரமா வாங்கித் தின்றாள். இங்கே பயிர் வைப்பது யார் என்று கேட்டாள். நான்தான் அம்மா என்றார் பாலையா. மண்ணெல்லாம் இருக்கிறதா, உங்களுக்குக் குறை ஒன்றுமில்லையே என்று கேட்டாள். ஒரு கூடை மண்கூடக் குறையவில்லை, பெருமாள் புண்ணியத்தில் குறை ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். சுரேஷ்பாபு கேமராவைக் கொண்டுவரச் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். தெலுங்கில் இருந்த காகிதத்தில் பாலையா கைநாட்டு வைத்தார். அதோ அந்தப் பக்கம் என்ன என்று அவள் கேட்டபோது, ஊருக்குத் தண்ணீர்க் குட்டை மேடம் என்று சுரேஷ்பாபு சொன்னார். தலைமை அலுவலகம் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். குழியைப் பார்க்காமலே அவள் போய்விட்டாள்.

தை மாதம் இயந்திரங்கள் போயின. மண் பரப்ப டிப்பர்கள் வரும் என்று பாலையா தினமும் மேட்டடியில் உட்கார்ந்திருந்தார். கிரேன் போனது. கம்ப்ரசர் போனது. கடைசியில் கொட்டகையின் தகரமும் போனது. வாசலில் பைக்கை நிறுத்தி விடைபெற வந்த சுரேஷ்பாபுவிடம் கேட்டார். ஆபீசில் ஆர்டர் போட்டு அனுப்புவார்கள் என்று சொன்னார் அவர். சொல்லும்போது பாலையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளப்பியவர் திரும்பவும் அணைத்தார். சட்டைப் பையிலிருந்து இருமல் மாத்திரை அட்டையை எடுத்துப் பொன்னியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனி மாதம் வரை காத்திருந்துவிட்டுப் பாலையாவும் பொன்னியம்மாவும் சித்தூருக்குப் போனார்கள். ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்த பிறகு ஒரு குமாஸ்தா கோப்பை எடுத்துப் படித்துச் சொன்னார். மேல்மண் உரிய முறையில் பரப்பப்பட்டு நிலம் சாகுபடிக்குத் திரும்பிவிட்டது. நிலத்துக்காரர் தாமே பயிர் செய்கிறார். குறை ஒன்றுமில்லை என்று தெரிவித்துக் கைநாட்டு வைத்திருக்கிறார். குழி ஊர் மக்களின் உபயோகத்துக்கு நீர்த்தேக்கமாக விடப்பட்டது. கம்பெனி தன் கடமையை முடித்துவிட்டது.

"போட்டோகூட கீதே பெரியவரே, நீங்கதான?" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

நாமம் போட்டுக்கொண்டு, முழங்காலளவு பச்சைக்கும் மஞ்சள் பூவுக்கும் நடுவில், பல் தெரியச் சிரித்தபடி பாலையா நின்றார். தம்மை அவ்வளவு சந்தோஷமாக அவர் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

மனோரமா திருப்பதிக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். மறுநாள் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனார்கள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் மலை எதிரே நின்றது. பொன்னியம்மா கும்பிட்டாள். மேலே போய் வரலாமா என்று கேட்டாள். காரியம் முடியட்டும் என்று பாலையா தலையைக் குனிந்துகொண்டார்.

மனோரமா அவர்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கடலை கொடுத்தீர்களே என்று நாற்காலி போடச் சொன்னாள். பொன்னியம்மா நடந்ததைச் சொன்னாள். நிலம் அந்த மேடல்ல, நிலம் இருந்த இடம் குழி என்று சொல்லி முடித்தபோது மனோரமாவின் கை மேஜைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"அந்தப் பச்சையப் பாத்ததும் மனசு நெறஞ்சி போச்சும்மா. ஒரு எடத்துலயாவது ஒழுங்கா செஞ்சிருக்காங்களேன்னு நெனச்சேன். எறங்கிப்போயி குழியப் பாத்திருக்கணும். நான் பாக்கல."

"நான் அன்னைக்கே குழியக் காட்டலாம்னு சொன்னேன், இவருதான்…" என்று ஆரம்பித்த பொன்னியம்மா பாலையாவின் பக்கம் திரும்பினாள். அவர் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "வெயிலு அப்பிடி அன்னைக்கி. யாரு இன்னா பண்றது."

அதற்கப்புறம் அவள் ஆயுசில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மனோரமா காகிதம் எடுத்துத் தன் கையாலேயே எழுதினாள். தன் அறிக்கை தவறு என்றும், நிலம் திருப்பித் தரப்படவில்லை என்றும், மேலிடம் மறுபடி பார்வையிட வேண்டும் என்றும் எழுதினாள். அடுத்த மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, இதை அனுப்பினால் விசாரணை உன்மேல்தான் வரும் என்று தெலுங்கில் எச்சரித்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினாள். நிலத்தைத் திருப்பித் தருவதற்குப் பிணையாகக் கம்பெனி கட்டிய முன்பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது, அதனால் அதிகம் நம்ப வேண்டாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நகல் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தாள். மத்தியானம் தன் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து மூன்று பேருக்கும் பங்கு போட்டாள்.

தவறு செய்தவர்கள் பலர் இருக்கும் உலகத்தில், தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருத்தி இருந்தாள். பாலையா அந்த நகலைப் பட்டா இருந்த டிரங்குப் பெட்டியிலேயே வைத்தார். பதில் வரவில்லை. மனோரமா வேறு ஊருக்கு மாற்றப்பட்டாள் என்று மட்டும் பின்னால் தெரிந்தது.

அடுத்த கோடையில் குவாரியின் கழிவுக் கற்களை ஜல்லிக்காக ஒரு கிரஷர்காரன் எடுத்துக்கொண்டு போனான். மேட்டைச் சுற்றிப் பாலையா அடுக்கியிருந்த கற்களும் அதில் போய்விட்டன. அவர் ஓடிப்போய்த் தடுத்தார். கற்கள் கம்பெனி விற்றவை என்று ரசீது காட்டினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பல வருஷமாக அப்படிப் பெய்ததில்லை. குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. நான்காம் நாள் காலையில் மேட்டுக்குப் போன பொன்னியம்மா, உச்சியில் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு ஓடுவதைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் குழிப் பக்கத்துப் பாதி சரிந்துவிடும் என்று பாலையாவுக்குத் தெரிந்தது. பார்த்தபடி நின்றார். அள்ளி வைக்க அவருக்கு ஒரு கையகல இடம்கூட வேறு இல்லை.

எத்திராஜ் டிராக்டரோடு வந்தான். அன்று அவன் கேலி செய்யவில்லை.

"மாமா, எத்துக்கினு போயி என் நெலத்துல கொட்டி வெக்கறேன். அங்க கெடக்கட்டும். ஒன் நெலம் வந்ததும் கேளு, வாரிக் குடுத்துடறேன்."

கொட்டிய மண்ணை உழுது பயிர் வைத்த பிறகு யாராலும் வாரித் தர முடியாது. அது எத்திராஜுக்கும் தெரியும், பாலையாவுக்கும் தெரியும். சம்மதம் என்று சொன்னால் நிலம் வராது என்று தம் வாயால் ஒப்புக்கொள்வதாகும். மழை இருவர் முகத்திலும் வழிந்தது.

"வெச்சிருப்பியாடா?" என்று கேட்டார் பாலையா.

"வெச்சிருக்கறேன் மாமா."

பாலையா குனிந்து முதல் கூடையைத் தாமே வெட்டி நிரப்பினார். பொன்னியம்மா தலையைக் காட்டினாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் ஏறிய அதே மண்.

சேதி பரவிப் பதினைந்து இருபது பேர் வந்தார்கள். பத்து வருஷம் குவாரித் தூசி படிந்து சுண்ணாம்பாகிப்போன நிலத்துக்காரர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் மண்ணை எடுத்துக்கொண்டு போகும்போது, உங்கள் மண் எங்களிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். மண் கொடுக்கப்படவில்லை, வைத்துக்கொள்ளப்படுகிறது என்பதை அத்தனை பேரும் பேசி வைத்ததுபோலக் காப்பாற்றினார்கள். ஒரு மனிதனின் நம்பிக்கையை அவனிடமிருந்து மெதுவாக வாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

முப்பது நடைக்குமேல் டிராக்டர் போய் வந்திருக்கும். மூன்று மணிக்கு, எல்லோரும் ஒதுங்குங்கள் என்று பாலையா கத்தினார். மேட்டின் பெரும்பாகம் அசைந்து, அவசரமில்லாமல் குழிக்குள் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. பச்சையாக இருந்த தண்ணீர் ஓரத்திலிருந்து செம்மண் நிறமாகிக்கொண்டே நடுவுக்குப் போனது. பாலையா அது முழுவதும் நிறம் மாறும் வரை நின்றிருந்தார்.

"போய் சேந்துடுச்சி," என்றார்.

பொன்னியம்மா அவர் தோளில் நனைந்த துண்டைச் சரிசெய்தாள்.

தமிழரசுக்குப் போனில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் நைனா, மருந்துக்கு அனுப்புகிறேன் என்றான். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது, ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். நிலத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மறு வருஷம் கோடை மழை பெய்த பிறகு வேப்பமிட்டா நிலங்களில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. வெளுத்த மண்ணின் நடுவே அங்கங்கே செம்மையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. சாலையில் போகிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை. பாலையாவுக்கு எந்தத் திட்டு எந்தக் கூடை என்பதுகூடத் தெரியும்போலிருந்தது. எத்திராஜ் தன் நிலத்தை உழுதுவிட்டு, வடக்கு வரப்பையொட்டி நான்கு சால் அகலத்துக்கு விதைக்காமல் விட்டிருந்தான். ஆள் அனுப்பிக் கூப்பிட்டான்.

பாலையாவும் பொன்னியம்மாவும் போனார்கள். அவர் சணப்பு விதையை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தார். இரண்டு கை தூவியதும் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். மீதியைப் பொன்னியம்மா தூவினாள். அங்கங்கே கண்ணில் பட்ட சரளையைப் பொறுக்கி வரப்பில் வைத்தாள்.

"எப்ப வோணும்னாலும் கேளு மாமா," என்றான் எத்திராஜ்.

"இங்கியே கெடக்கட்டும்டா. நல்லாத்தான் கீது."

வெயில் ஏறியது. வீட்டுக்குக் கிளம்பியவர்கள் வரப்புக்கு வந்ததும் உட்கார்ந்தார்கள். குனிய முடியாத பாலையாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, ஒட்டியிருந்த மண்ணைப் பொன்னியம்மா விரலால் வழித்து நிலத்திலேயே போட்டாள். பிறகு தன் காலையும் வழித்துக்கொண்டு எழுந்தாள்.